விதைக்கு எடுத்து வைத்தது

மனித இனம் ஒருநாள் பூண்டோடு அழிந்துபோகுமா என்று பேச்செடுத்தால் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். விண்கல் விழும், சூரியப் புயல் வரும், வேற்றுக்கிரகத்துக்காரன் இறங்குவான். இந்தப் பதிவில் நான் காட்ட நினைப்பது ஒரு காபி இலையின் அடிப்பக்கத்தை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அதைச் சுற்றிச் சேர்வராயன் மலையில் சிதறிக் கிடக்கும் ஊர்களில் ஒன்று செம்மநத்தம். இந்தப் பக்கமெல்லாம் சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக்கொடி, அடியில் காபி என்பதுதான் பழகிப்போன காட்சி. மழை ஓய்ந்த நாளில் ஒரு அரபிகா செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால், சில நேரம் ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாக மாவு அப்பியிருக்கும். விரலால் தடவினால் மஞ்சள் அரைத்த கை மாதிரி ஒட்டிக்கொள்ளும். இதற்கு இலைத்துரு என்று பெயர். அந்த மாவின் ஒவ்வொரு துகளும் ஒரு பூஞ்சை வித்து. காற்று அடித்தால் அடுத்த செடி, அடுத்த தோட்டம், அடுத்த மலை. இந்தப் பூஞ்சை ஒரு தேசத்தின் பொருளாதாரத்தையே பத்து இருபது வருடத்தில் மாற்றி எழுதியது. மனித இனத்தின் நீண்ட ஆயுளுக்கு வரக்கூடிய ஆபத்து எப்படிப்பட்டது என்பதை விண்கல்லைவிட இந்த மாவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் என்பது என் கட்சி.

விண்கல்லை நான் கேலி செய்யவில்லை. இயற்கையாக வரும் பேரழிவுகளிலிருந்து மனிதன் தப்பிய கணக்கு நமக்குச் சாதகமாகவே இருக்கிறது, அவ்வளவுதான். சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட். சுமார் 250 கோடி ஆண்டு வயது. (கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் வைத்த கல்லைப் பார்த்துத்தான் இந்தப் பாறைவகைக்கே பெயர் வைத்தார்கள். அந்தக் கல்லும் நம் சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். அழிவைப் பற்றிப் பேச வந்த இடத்தில் கல்லறைக் கல்லின் மேலேயே நிற்கிறோம்.) அந்தப் பாறையின் வயதோடு ஒப்பிட்டால் மனிதன் நேற்றுக் காலை வந்தவன். ஆனாலும் வந்த நாளிலிருந்து வாங்கிய அடி கொஞ்சமல்ல. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்து, அதன் சாம்பல் இந்தியா முழுக்க வந்து படிந்தது. ஆந்திராவில் கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் தோண்டியபோது சாம்பல் அடுக்குக்குக் கீழேயும் கல்லாயுதம் கிடைத்தது, மேலேயும் ஏறக்குறைய அதே மாதிரி கல்லாயுதம் கிடைத்தது. அடித்த அடியில் இந்தப் பக்கத்து மனிதர்கள் ஒழிந்துபோய்விடவில்லை என்று அகழாய்வு செய்தவர்கள் வாதிடுகிறார்கள். அவர்கள் என்ன தின்று பிழைத்தார்கள் என்பது கல்லில் எழுதியில்லை. ஒரே பயிரை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை என்று மட்டும் அடித்துச் சொல்லலாம். அப்போது பயிர் என்ற ஒன்றே கிடையாது.

நாம் அப்படியில்லை. அதுதான் புதிய ஆபத்து. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அதே நூற்றாண்டில் இலங்கையின் மலைகளில் காட்டை மொட்டையடித்து, சரிவுக்குச் சரிவு இடைவெளி விடாமல் காபி நட்டார்கள். அத்தனையும் அரபிகா. அரபிகாவோ பிறவியிலேயே ஒடுங்கிய குடும்பம்: இரண்டு காட்டுக் காபி இனங்கள் எப்போதோ கலந்து பிறந்தது, தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது, ஏமனிலிருந்து ஒரு கைப்பிடி விதையாக உலகத்துக்குப் பரவியது. அதாவது ஒரு தோட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே செடி. 1869இல் இலங்கையில் மடுல்சீமைப் பக்கம் இலைத்துரு கண்ணில் பட்டது. தோட்டக்காரர்கள் முதலில் கண்டுகொள்ளவில்லை. விலை ஏறிக்கொண்டிருந்ததால் இன்னும் காட்டை வெட்டி நட்டார்கள். 1878 வாக்கில் காபி 2.75 லட்சம் ஏக்கரைத் தொட்டது. நோய் வந்து ஒன்பது வருடம் ஆனபிறகும் பரப்பு ஏறிக்கொண்டே போனது என்பதை இரண்டுமுறை படிக்க வேண்டும். 1880இல் வந்த ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர் இரண்டு வருடம் தங்கி, வித்து காற்றில் போகிறது, தடுக்க நடுவில் வேறு மரம் எதுவும் இல்லை என்பதைக் கண்டு சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது. 1884இல் ஓரியண்டல் பாங்க் திவாலானது. காபிக்குப் பருவத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த நம் மாவட்டங்களின் கூலிகள், பிறகு வருடம் முழுக்க வேலை கேட்கும் தேயிலைக்காகக் குடும்பத்தோடு அங்கேயே தங்கினார்கள். மலையகத் தமிழரின் கதையில் இந்த ஆரஞ்சு மாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சரி, அதற்குப்பின் விஞ்ஞானம் வந்து காப்பாற்றவில்லையா என்று கேட்பீர்கள். காப்பாற்றியது. எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1911இல் மைசூர்ப் பக்கம் கென்ட் என்ற தோட்டக்காரர் தன் தோட்டத்தில் துருவுக்குத் தாங்கும் செடிகளைப் பொறுக்கியெடுத்தார். சில வருடத்தில் பூஞ்சை தன் ஜாதியை மாற்றிக்கொண்டு அதையும் பிடித்தது. பிறகு பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம், அரபிகாவும் லைபீரிகாவும் தானாகக் கலந்த ஒரு செடியின் வழியில் வந்ததைக் கென்டோடு சேர்த்து எஸ்.795 கொடுத்தது. அதுவும் நாளாவட்டத்தில் தளர்ந்தது. 1920களில் திமோர் தீவில் அரபிகாவும் ரொபஸ்டாவும் யாரும் சேர்த்துவைக்காமல் தாமே சேர்ந்த ஒரு மரம் கிடைத்தது. அதன் பேரன் பேத்திகள்தான் 1980களில் வந்த காவேரியும் 2007இல் வந்த சந்திரகிரியும். கவனித்துப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் தப்பிக்கும் வழி எங்கோ ஒரு மூலையில், யாரும் திட்டமிடாமல், தோட்டத்தின் ஒழுங்குக்கு அடங்காமல் நின்ற ஒரு செடியிடமிருந்து வந்தது. நெல்லிலும் இதே கதை. புல்குட்டை வைரஸ் ஆசியாவின் குட்டை நெல் ரகங்களைத் தாக்கியபோது, பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். உருப்படியாகத் தாங்கியது ஒன்றே ஒன்று, உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல். வயலில் முளைத்தால் களை என்று பிடுங்கிப்போடுவார்களே, அந்த வகை. அதன் மரபணுவோடுதான் ஐ.ஆர்.36 வந்து கோடிக்கணக்கான ஏக்கரில் பரவியது. அந்தக் காட்டு நெல் நின்ற இடத்தை அதற்கு முன்பே யாராவது மண்ணடித்து மனை போட்டிருந்தால்?

சேலத்துக்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. மலையை விட்டு இறங்கினால் குச்சிக்கிழங்குக் காடுதான். ஊரைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள். மரவள்ளியை விதை போட்டு வளர்ப்பதில்லை, குச்சியை வெட்டி நடுகிறோம். ஆகவே காடு முழுக்க ஒரே தாயின் அச்சு. 2020இல் கேரளாவில் மரவள்ளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டு, சீக்கிரமே சேலம், நாமக்கல் பக்கம் வந்துவிட்டது. நுனிக்குருத்து சுருண்டு முடிச்சு விழுந்து, செடி குள்ளமாகி, கிழங்கு பிடிக்காது. இதே பூச்சி 1970களில் தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், மரவள்ளியை அன்றாடச் சோறாகத் தின்கிற கோடிக்கணக்கான மக்களைப் பட்டினியின் வாசலில் நிறுத்தியது. அப்போது ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் பூச்சியியலாளர் நடத்திய திட்டத்தில் மாவுப்பூச்சியின் சொந்த ஊரைத் தேடிப்போனார்கள்; 1981இல் பராகுவேயில் அதன் உடலுக்குள் முட்டையிடும் ஒரு குளவி கிடைத்தது. பெயர் அனாகைரஸ் லோபெசி, எறும்பைவிடச் சின்னது. அதை வளர்த்து ஆப்பிரிக்கா முழுக்க விட்டார்கள், பூச்சி அடங்கியது. நாற்பது வருடம் கழித்து அதே குளவி ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து பெங்களூருக்கு வந்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களுக்கு விடப்பட்டது. பராகுவேயின் ஏதோ ஒரு வேலியோரத்துக் குளவி ஆத்தூர்ப் பக்கத்துக் குச்சிக்காட்டைக் காக்க வந்த கதை இது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சகாலத்தில் நம் குடியானவர் வீடுகளில் ஒரு கறாரான கணக்கு இருந்தது: கடைசிப்படி தானியம் இருக்கும்போதும் விதைநெல்லைத் தொடக்கூடாது. குத்தித் தின்றால் இன்றைக்குப் பசி ஆறும், அடுத்த மழைக்கு விதைக்க ஒன்றும் இருக்காது. மனித இனத்தின் நீண்டகாலப் பிழைப்புக்கு வரும் ஆபத்தை அடியின் பலத்தை வைத்து அளக்கிறோம். எத்தனை மெகாடன், எத்தனை டிகிரி, எத்தனை கோடிச் சாவு என்று. அடி விழுந்தபின் எடுத்து நடுவதற்கு வேறு இடத்தில் வேறு மாதிரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதை யாரும் அளப்பதில்லை. உணவுக்காக மனிதன் பயிரிடும் தாவரங்கள் ஆறாயிரம் இருக்கலாம். ஆனால் மொத்த விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு ஒன்பதே பயிர்களிலிருந்து வருகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 2019இல் கணக்குக் கொடுத்தது. அந்த ஒன்பதுக்குள்ளும் ரகங்கள் வருடா வருடம் குறைகின்றன. விதைநெல்லை நாம் ஏற்கெனவே குத்திக்கொண்டிருக்கிறோம். உலக்கைச் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

விதையை உறைபெட்டியில் வைத்திருக்கிறோமே என்பது அடுத்த மறுப்பு. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் நிலவறை இருக்கிறது, நமக்கும் லடாக்கில் சாங் லா கணவாயில் ஒன்று உண்டு. நல்ல காரியம். சிரியா போரில் அலெப்போ பக்கத்து விதை வங்கியிலிருந்து ஆட்கள் வெளியேற வேண்டியிருந்தபோது, ஸ்வால்பார்டில் போட்டுவைத்ததை 2015இல் திரும்ப எடுத்துத்தான் மறுபடி பெருக்கினார்கள். ஆனால் உறைபெட்டியில் இருக்கும் விதை வைத்த வருடத்திலேயே நின்றுவிடுகிறது. வெளியே பூஞ்சை ஜாதி மாறிக்கொண்டே இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பதற்கு அந்தச் சேதி போய்ச் சேராது. இன்னொன்று, விதையோடு கை வேலையையும் பூட்டிவைக்க முடியாது. சாமையை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன், கொல்லி, பச்சைமலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடிகளின் (தமிழ் பேசும் மக்கள், கேரளத்தோடு குழப்ப வேண்டாம்) பழைய சோறு அது. கொல்லிமலையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை, கருஞ்சாமை, திரிகுலாச் சாமை என்று ரகரகமாக எழுதிவைத்திருக்கிறார்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய அந்த மணியின் உமி அரிசியை விடாமல் கவ்விக்கொண்டிருக்கும். உரலில் போட்டுக் குத்தவேண்டும், புடைக்கவேண்டும், மறுபடி குத்தவேண்டும். எந்த ஈரத்தில் குத்தினால் நொய்யாகாது என்பது கையில் இருக்கும் படிப்பு. எந்தச் சரிவில் எந்தச் சாமை, எந்த மழைக்குப்பின் விதைப்பு என்பதும் அப்படியே. சாமை பெரும்பாலும் இந்தியாவில் மட்டும் விளைவது. இந்த மலைகளில் கைவிட்டால் உலகத்தில் வேறு எங்கும் போய் அந்தப் படிப்பைக் கடன் வாங்க முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. உள்ளூரில் விளைந்ததை உள்ளூரே தின்ற காலத்தில்தான் பஞ்சம் கொத்துக்கொத்தாகக் கொன்றது, இன்றைக்கு எங்கிருந்தோ கப்பலில் வருவதால்தான் பிழைக்கிறோம் என்பார்கள். பாதி உண்மை. 1876–78 தாது வருடப் பஞ்சத்தைப் பாருங்கள். சேலம் மாவட்டத்தில் 1871இல் 19.67 லட்சம் பேர், 1881இல் எண்ணியபோது 16 லட்சம். செத்தவர்களும் ஊரைவிட்டு ஓடியவர்களும் சேர்ந்து போன எண்ணிக்கை அது. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அப்போது ரயில் இல்லாமல் இல்லை, 1860களிலேயே சேலத்துக்கு வந்துவிட்டது. மழை பொய்த்தது, விலை எகிறியது, தானியம் காசு இருக்கும் திசைக்குப் போனது. கஞ்சித்தொட்டியில் எவ்வளவு ஊற்றலாம் என்று மேலே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இணைப்பு என்பது இருபக்கம் ஓடும் தண்டவாளம். இலைத்துருவையும் மாவுப்பூச்சியையும் கொண்டுவந்ததும் அதுதான், குளவியைக் கொண்டுவந்ததும் அதுதான். எனவே கோட்டை கட்டிக்கொண்டு உள்ளே உட்கார் என்று நான் சொல்லவில்லை. தண்டவாளம் இருக்கட்டும், இரண்டு முனையிலும் ஒரே சரக்கு இருந்தால் அதனால் என்ன பயன் என்றுதான் கேட்கிறேன்.

“அணுகுண்டும், ஆய்வுக்கூடத்தில் செய்த கிருமியும், செயற்கை நுண்ணறிவும் வரும்போது உன் சாமை என்ன செய்யும்?” நியாயமான கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவியலாளர் டோபி ஆர்டு 2020இல் எழுதிய புத்தகத்தில், இந்த நூற்றாண்டுக்குள் மனிதகுலம் மீளமுடியாத பேரழிவைச் சந்திக்க ஆறில் ஒரு வாய்ப்பு என்று மதிப்பிட்டார். அதில் இயற்கையின் பங்கு பத்தாயிரத்தில் ஒன்று, மீதி முழுக்க நம் கைவேலை. இந்த எண்களை எடைத்தராசு மாதிரி நம்பக்கூடாது, ஆனால் வரிசை சரியென்றே எனக்குப் படுகிறது. இருக்கட்டும், அணு ஆயுதப் போர் எப்படிக் கொல்லும்? 2022இல் வெளியான ஓர் ஆய்வு, எரியும் நகரங்களின் புகை வெயிலை மறைத்தால் விளைச்சல் எவ்வளவு விழும் என்று கணக்கிட்டது. அமெரிக்க–ரஷ்யப் போர் என்றால் 500 கோடிக்கு மேல், இந்திய–பாகிஸ்தான் போர் என்றாலே 200 கோடிக்கு மேல் பட்டினியில் சாகக்கூடும். குண்டு விழுந்த ஊரில் சாகிறவர்களைவிடக் குண்டே விழாத ஊரில் சோறில்லாமல் சாகிறவர்கள் பலமடங்கு. கிருமிக்கு வருவோம். 1918 இன்ஃப்ளுவென்ஸாவின்போது மேற்குச் சமோவாவில் ஒரு கப்பலை உள்ளே விட்டார்கள், ஐந்தில் ஒருவர் செத்தார். பக்கத்திலேயே அமெரிக்கச் சமோவாவில் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார்கள், ஒருவரும் சாகவில்லை. கணினிக்கு வந்தால், 2024 ஜூலையில் ஒரே ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் அன்றைக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பேனா ஒன்று மிச்சம் இருந்தது. மனிதனைவிடப் புத்திசாலியான இயந்திரம் ஒன்று கெட்ட நோக்கத்தோடு வந்தால் இந்த வாதம் அவ்வளவாக எடுபடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே வேறு காவல் வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான். தத்துவவியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984இல் கேட்டார்: நூற்றுக்கு 99 பேர் சாவதற்கும் 100 பேரும் சாவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு? அந்தக் கடைசி ஒன்றில்தான் மனித இனத்தின் மீதிக் காலம் முழுதும் அடங்கியிருக்கிறது என்பது அவர் வாதம். சாமை 800 கோடிப் பேருக்குச் சோறு போடாது. அந்த ஒருவருக்குப் போட்டால் போதும்.

கடைசியாக ஒரு மறுப்பு. இதற்கு என்னிடம் லேசான பதில் இல்லை. உலகம் பிழைக்க வேண்டும் என்பதற்காகச் செம்மநத்தத்துக்காரர் சாமை விதைத்துக்கொண்டு ஏழையாகவே இருக்கவேண்டுமா? காபியும் மிளகும் காசு. அந்தக் காசில்தான் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது. ரேஷனில் அரிசி விலையில்லாமல் வரும்போது உரலில் நின்று தோள் வலிக்கச் சாமை குத்து என்று எந்தப் பெண்ணிடம் சொல்வீர்கள்? நகரத்தில் உட்கார்ந்து சிறுதானிய மகிமை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை மாற்றுவார்கள். என் பதில் இதுதான்: காவல்காரனுக்குச் சம்பளம் உண்டு, விதைக்காவலுக்கும் கொடுக்க வேண்டும். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர் விதை வங்கிகளோடு உமி நீக்கும் எந்திரத்தையும் கொண்டுவந்து வைத்தது. பெண்களின் உலக்கை வேலை குறையாமல் சாமை திரும்பாது என்று அங்கே புரிந்திருந்தது. விலைக்கும் வழி இல்லாமல் இல்லை. 2023இல் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. தருமபுரி சேர்வராயன் மலைக்கு அந்தப் பக்கம்தான். அந்த இரண்டு கிலோவில் சாமைக்கு இடம் இல்லை. மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வாரத்துக்கு ஒருவேளை சாமைச் சோறு போட்டு, அதை அந்த மலையிலேயே நல்ல விலைக்கு வாங்கினால், காபியை ஒருவரும் பிடுங்கவேண்டியதில்லை. ஏர் போகாத சரிவில் அரை ஏக்கர் கொத்துக்காடு போதும், விற்றது போக அடுத்த ஆடிக்கு மூன்று படி விதை மிஞ்சும்.